ஆடிப் பட்டமும் சயானின் மழையும்

"ஆடிப் பட்டம் தேடி விதை" என்பது தமிழ்நாட்டில் சிறு குழந்தையும் அறிந்த முதுமொழி. பிழைப்பு நாடி மும்பைக்குக் குடிபெயர்ந்த தமிழர்கள் தம் மூட்டை முடிச்சுகளோடு இம்முதுமொழியையும் எடுத்துச் சென்றனர். தாராவி, மாடுங்கா, செம்பூர், சயான் ஆகிய பகுதிகளில் தலைமுறைகள் கடந்து வாழும் தமிழ்க் குடும்பங்களில், ஆடி பிறந்ததும் தகர டப்பாவிலும் விரிசல் கண்ட வாளியிலும் மண் நிரப்பிக் கீரை விதை தூவும் முதியோரை இன்றும் காணலாம். ஆனால், அவ்விதை பெரும்பாலும் முளைப்பதில்லை.

ஓர் ஆகஸ்டு மாதத்தின் முதல் வாரத்தில், சயானில் பழைய குடியிருப்பு ஒன்றின் மாடியில் இத்தகைய தொட்டிகள் ஆறு கண்டோம். ஆறிலும் பாசி படர்ந்த சேறே எஞ்சியிருந்தது. உடன் வந்த பள்ளி ஆசிரியை காரணம் வினவ, தொட்டிகளுக்குரிய மூதாட்டி, "ஊர்ல ஆடியில தூவுனா அஞ்சாம் நாளு பச்ச புடிச்சிரும் டீச்சர். இங்க தூவுன விதை எங்க போச்சுன்னே தெரியல. மண்ணுதான் சரியில்ல போல" என்றார். "மண்ணு மேல குத்தம் இல்ல ஆச்சி, பட்டந்தான் இந்த ஊருக்கு ஆகல" என்று ஆசிரியை விடையிறுத்தார். இவ்விடை சரியானதே, எனினும் பாதி விடையே. இடம் மாறினால் பட்டம் மாறும் என்பது அதன் முதற்பாதி. அவ்விடத்துக்கு உரியதாகப் பலகாலம் கண்டறிந்து வைத்த பட்டமும் இன்று நிலைகொள்ளவில்லை என்பது மறுபாதி. வீட்டுத் தோட்டம் பற்றி மக்களிடம் பேசும் களப்பணியாளரும், பள்ளிகளில் அதனைக் கற்பிக்கும் ஆசிரியரும் இவ்விரண்டையும் சேர்த்து உணர்தல் வேண்டும்.

ஒரே மாதம், இரண்டு ஊர்கள்

ஆடி மாதம் ஜூலை நடுவில் தொடங்கி ஆகஸ்டு நடுவில் முடிகிறது. அக்காலத்தில் திருநெல்வேலிச் சமவெளியில் காற்று மிகுதி, மழை சொற்பம். தென்மேற்குப் பருவக்காற்றின் ஈரத்தை மேற்கு மலைத்தொடர் தடுத்துவிடுகிறது. மலையில் பெய்த மழையோ தாமிரபரணி வழியாகவும் கால்வாய்கள் வழியாகவும் வயலை வந்தடைகிறது. ஆகவே விதைப்பவனுக்கு வேண்டியபோது நீர் பாய்ச்சவும் வேண்டாதபோது மடை அடைக்கவும் இயலும். பெருமழை ஐப்பசியில், வடகிழக்குப் பருவத்தில் வருகிறது. அதற்குள் பயிர் வேரூன்றிவிடும். முதுமொழி ஒரு மாதத்தின் பெயரைச் சொல்லினும், அது குறிக்கும் உண்மை பெருமழைக்கும் விதைப்புக்கும் இடையேயுள்ள இந்தக் கால அளவே ஆகும்.

மும்பையில் ஆடி பிறக்கும்போது பெருமழை தொடங்கி ஒரு மாதத்துக்கு மேலாகிவிடுகிறது. சாந்தா குரூஸ் வானிலை நிலையத்தின் கணக்குப்படி ஜூலை மாதத்துக்கு மட்டும் சராசரி மழை 800 மில்லிமீட்டருக்கு மேற்பட்டது. ஜூன் முதல் செப்டம்பர் வரை நான்கு மாதங்களுக்கு ஏறத்தாழ 2300 மில்லிமீட்டர். சென்னை நகரம் ஓராண்டு முழுவதும் பெறும் மழை சுமார் 1400 மில்லிமீட்டரே என்பதை நினைவிற் கொண்டால் இதன் அளவு விளங்கும்.

இதனைத் தொட்டியின் அளவில் கணக்கிட்டுக் காட்டுதல் மாணவர்க்குப் பயனுடையது. ஒரு சதுர மீட்டர் பரப்பில் 1 மில்லிமீட்டர் மழை பெய்தால் அது 1 லிட்டர் நீராகும். வாய் 30 சென்டிமீட்டர் அகலமுள்ள வட்டத் தொட்டியின் பரப்பு ஏறக்குறைய 0.07 சதுர மீட்டர். ஜூலையில் 800 மில்லிமீட்டர் பெய்தால் அத்தொட்டியில் 56 லிட்டர் நீர் விழும். அதில் அடங்கும் மண்ணோ 15 லிட்டர். அதாவது ஒரே மாதத்தில் மண்ணின் கன அளவைப்போல் ஏறத்தாழ நான்கு மடங்கு நீர் அதனூடே கழுவிச் செல்கிறது.

இதன் விளைவுகள் யாவை? தண்டுக்கீரை விதை மிக நுண்ணியது. ஒரு கிராமில் ஆயிரத்துக்கு மேற்பட்ட விதைகள் இருக்கும். ஓங்கி விழும் மழைத்துளி அதனை மண்ணோடு சிதறடித்துத் தொட்டியின் விளிம்புக்கு அப்பால் தள்ளுகிறது. "எங்க போச்சுன்னே தெரியல" என்று மூதாட்டி கூறியது முற்றிலும் உண்மை. சிதறாது எஞ்சிய விதை, துளைகளெல்லாம் நீர் நிரம்பிய மண்ணில் பிராணவாயு இன்றித் திணறுகிறது. முளைக்கும் விதை மூச்சு விடும் உயிர் என்பதை நாம் மறந்துவிடுகிறோம். அதையும் மீறி முளைத்த நாற்றின் தண்டை, ஈரத்தில் பல்கும் பித்தியம் போன்ற பூசண வகைகள் மண் மட்டத்திலேயே அழுகச் செய்து சாய்த்துவிடுகின்றன. இதுவே நாற்றழுகல் நோய். இவை அனைத்துக்கும் தப்பிய செடி இலை வெளுத்து நிற்கும். நைட்ரேட்டு உருவிலுள்ள தழைச்சத்து நீரில் எளிதிற் கரைவதாகலின், 56 லிட்டர் நீர் அதனை அடித்துளை வழியே வெளியேற்றிவிடுகிறது. இந்நிலையில் பலர் மேலும் உரமிடுகின்றனர்; அதுவும் அடுத்த மழையில் சாக்கடையைச் சேர்கிறது.

தேதியை நம்பலாமா?

அவ்வாறாயின் மழை ஓயும் தேதியை அறிந்து, அதன்பின் விதைத்தால் போதாதா என்று வினவலாம். நெடுங்காலம் அவ்வாறே செய்யப்பட்டது. மும்பையில் பருவமழை ஜூன் 10-இல் தொடங்கிச் செப்டம்பர் இறுதியில் விலகும் என்பதே பழைய கணக்கு. இந்திய வானிலை ஆய்வுத் துறை 2020-ஆம் ஆண்டில் இத்தேதிகளைத் திருத்தியமைத்தது. தொடக்கம் ஜூன் 11 என்றும், விலகல் அக்டோபர் 8 என்றும் கொள்ளப்பட்டன. தொடக்கம் ஒரு நாளே நகர, விலகல் ஒன்றரை வாரத்துக்குக் கிட்டிய அளவு தள்ளிப்போனது கவனிக்கத்தக்கது. செப்டம்பர் மூன்றாம் வாரத்தில் தக்காளி நாற்று நட்டுப் பழகியவர்கள் நட்ட நாற்றை மழைக்கு இழந்ததன் காரணம் இதிலிருந்து விளங்கும்.

திருத்திய தேதியும் சராசரியே என்பதை மறத்தலாகாது. 2019-இல் மழை அக்டோபர் நடுப்பகுதியில்தான் மும்பையை விட்டு விலகியது. 2025-இலோ மே 26-ஆம் தேதியன்றே பருவமழை மும்பையை அடைந்துவிட்டது. அதற்கு முன் இருந்த பதிவுகளையெல்லாம் விஞ்சிய முன்வருகை அது. அம்மாதம் கொலாபாவில் பெய்த மழை, மே மாதத்துக்கென 1918 முதல் நிலைத்திருந்த பெரும அளவைத் தாண்டியது. இவ்விரண்டுக்கும் இடையே, 2021 மே மாதத்தில் தவ்க்தே புயல் கரையோரமாய்ச் சென்றபோது சாந்தா குரூஸில் ஒரே நாளில் 230 மில்லிமீட்டர் பெய்தது. மே மாதம் தொட்டி மண்ணைக் கொட்டி வெயிலில் உலர்த்திப் பூச்சி முட்டைகளை அழிப்பது தோட்டம் வைப்போரின் பழைய முறை. அதனை ஏப்ரலுக்கு மாற்றிக்கொள்வது இனி நலம்.

இம்மாறுதலின் காரணம் ஓரளவு அறியப்பட்டதே. காற்றின் உஷ்ணம் ஒரு டிகிரி செல்சியஸ் உயர்ந்தால் அது கொள்ளக்கூடிய நீராவி ஏறத்தாழ 7 சதவீதம் மிகுகிறது. மத்திய அரசின் புவி அறிவியல் அமைச்சகம் 2020-இல் வெளியிட்ட மதிப்பீட்டின்படி, 1901 முதல் 2018 வரை இந்தியாவின் சராசரி வெப்பம் சுமார் 0.7 டிகிரி உயர்ந்துள்ளது. அரபிக்கடலும் சூடேறி வருகிறது. புனேயிலுள்ள இந்திய வெப்பமண்டல வானிலை ஆய்வு நிறுவனத்தைச் சேர்ந்த ராக்ஸி மாத்யூ கோல் முதலிய விஞ்ஞானிகள் 2017-இல் வெளியிட்ட ஆராய்ச்சி, மத்திய இந்தியப் பகுதியில் பரந்த அளவிலான அதிதீவிர மழை நிகழ்ச்சிகள் 1950-க்கும் 2015-க்கும் இடையே மூன்று மடங்காயின என்று காட்டியது. மொத்த மழை பெருமளவு கூடாதபோதும் அது சில நாட்களில் கொட்டித் தீர்ப்பதும், இடையிடையே வெயில் காய்வதுமாக அமைவதே தோட்டக்காரனின் தொல்லை. சேறாகிக் கிடந்த தொட்டி ஒரு வாரத்தில் வெடிப்பு விடுகிறது.

ஆகவே ஒரு தேதியின்மேல் எல்லா விதையையும் பந்தயம் கட்டுதல் கூடாது. கைவசமுள்ள விதையை மூன்று பொட்டலங்களாகப் பிரித்துக்கொள்க. மழை குறையத் தொடங்கியதும் முதற்பொட்டலத்தையும், அதன்பின் பத்து அல்லது பன்னிரண்டு நாள் இடைவெளியில் மற்ற இரண்டையும் விதைக்க வேண்டும். முதலாவது கெட்டாலும் இரண்டாவது பிழைக்கும். மூன்றும் பிழைத்தால் கீரை ஒரே நாளில் முற்றாமல் தவணையாய்க் கிடைக்கும். இம்முறையில் புதுமை ஒன்றுமில்லை. மானாவாரி உழவர் பலர் விதை முழுவதையும் ஒரே ஈரத்தில் போடாமல் மிச்சம் வைத்துக்கொள்வது இதே காரணத்தால்தான். நகரத்துத் தொட்டிக்கும் அந்த எச்சரிக்கை இப்போது தேவையாகிவிட்டது.

பள்ளியில் ஒரு மழைமானி

"மழை குறையத் தொடங்கியதும்" என்று கூறினோம். எப்போது குறைந்தது என்பதை யார் சொல்வது? 2005 ஜூலை 26-இல் மும்பையை முழுக்காட்டிய மழையை நினைவுகூர்க. மறுநாள் காலை வரையிலான 24 மணி நேரத்தில் சாந்தா குரூஸ் பதிவு செய்தது 944 மில்லிமீட்டர். அதே நேரத்தில் அதே நகரின் தென்முனையிலுள்ள கொலாபா பதிவு செய்தது 73 மில்லிமீட்டர் மட்டுமே. சயான் இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட பகுதி. அன்று இரு நிலையங்களுள் எதன் எண்ணைக் கொண்டு சயானின் தோட்டத்தை மதிப்பிடுவது? அவ்வெள்ளத்துக்குப் பின் மாநகராட்சி நகரின் பல இடங்களில் தானியங்கி மழைமானிகளை அமைத்தது பெரும் நன்மை. ஆயினும் மாணவன் தன் கையால் அளந்தறிவதற்கு ஈடாக வேறொன்றுமில்லை.

இதற்கு விலையுயர்ந்த கருவி வேண்டுவதில்லை. அடியும் வாயும் ஒரே அகலமாயுள்ள, பக்கங்கள் நேராகவுள்ள டப்பா ஒன்றை மாடியின் திறந்த இடத்தில், சுவர் மறைக்காதவாறு, அசையாமல் நிறுத்துக. நாள்தோறும் காலை 8.30 மணிக்கு ஓர் அளவுகோலை நட்டு நீரின் ஆழத்தை மில்லிமீட்டரில் குறித்துக்கொண்டு நீரைக் கொட்டிவிட வேண்டும். இந்நேரமே வானிலைத் துறையினர் தினமழையைக் கணக்கிடும் நேரமாகும். டப்பாவின் அகலம் 10 சென்டிமீட்டராயின், அதில் சேரும் 78 மில்லிலிட்டர் நீர் ஏறக்குறைய 10 மில்லிமீட்டர் மழைக்குச் சமம். மருந்து ஊற்றும் அளவுக் குவளையால் இதனைச் சரிபார்க்கலாம். தொடர்ந்து ஐந்து நாட்கள் 5 மில்லிமீட்டருக்கு மேற்படாதிருந்தால் முதற்பொட்டலத்தைப் பிரிக்கலாம் என்பது நாங்கள் கைக்கொண்ட விதி. இது விஞ்ஞான நியதி அன்று. கைப்பழக்கத்தில் அமைந்த எல்லை. இரண்டு மூன்று ஆண்டுகளின் ஏடு சேர்ந்தபின் ஒவ்வொரு பள்ளியும் தன் எல்லையைத் திருத்திக்கொள்ளலாம்.

மண், சக்கை, பாரம்

சயான் என்னும் பெயர், எல்லை எனப் பொருள்படும் "சீவ்" என்ற மராத்திச் சொல்லினின்று வந்தது. பழைய பம்பாய்த் தீவு இங்கு முடிந்தது. அப்பால் உப்பங்கழியும், அதற்கப்பால் சால்செட் தீவும் இருந்தன. பின்னர் சதுப்பு நிலம் தூர்க்கப்பட்டு ஊரானது. இடிசல், குப்பை, உப்புச் சேறு ஆகியவற்றால் தூர்ந்த நிலமாகலின், இங்குத் தோண்டியெடுத்த மண் யாவும் பயிருக்கு ஏற்றதென எண்ணுதல் தவறு. ஆனால் கெட்ட நிலத்தைத் திருத்த இயலாது என்பதும் தவறே. தாராவியின் விளிம்பில், மீட்டி ஆற்றங்கரையில் குப்பை கொட்டிய 37 ஏக்கர் நிலத்தில் 1983 முதல் மரங்கள் நடப்பட்டு, 1994-இல் மகாராஷ்டிர இயற்கைப் பூங்கா திறக்கப்பட்டது. ஆசிரியர்கள் மாணவரை அழைத்துச் சென்று காட்டவேண்டிய இடம் அது.

வீட்டளவில், மண்ணைத் தேடுவதைவிட மண்ணை ஆக்கிக்கொள்வதே எளிது. இதற்கு மற்றொரு காரணம் பாரம். நனைந்த மண் ஒரு கன மீட்டருக்கு ஏறத்தாழ 1700 கிலோ எடையுள்ளது. மாடியில் ஒரு சதுர மீட்டருக்கு 30 சென்டிமீட்டர் கனத்தில் அதனைப் பரப்பினால் 500 கிலோ ஏறும். ஆள் நடமாடும் மொட்டை மாடிக்கு இந்தியத் தர விதிகள் கொள்ளும் சுமை சதுர மீட்டருக்கு 150 கிலோ அளவே. பழைய குடியிருப்புகளில் அதனையும் முழுமையாய் நம்புதற்கில்லை. தகரக் கூரையின் மீதும் கல்நார்க் கூரையின் மீதும் எதனையும் வைக்கச் சொல்லுதல் கூடாது. தாராவியின் ஒற்றை அறை வீடுகளில் வாசற்படியின் ஓரமும் சுவரில் அடித்த ஆணியுமே தோட்டம். கைப்பிடிச் சுவரின் மேல் வைக்கும் தொட்டியைக் கம்பியால் கட்டாவிடில் புயற்காற்றில் அது தெருவில் செல்வோர் தலைமேல் விழும்.

மும்பையைச் சேர்ந்த பொருளியல் அறிஞர் டாக்டர் ஆர். டி. தோஷி தம் மாடியில் கையாண்டு பலர்க்கும் கற்பித்த முறை இவ்விடத்தில் பெரிதும் உதவுவது. பாலிதீன் பையில் பெரும்பகுதி கரும்புச் சக்கையை அடைத்து, மேலே மட்கிய உரமும் சிறிதளவு மண்ணும் இட்டு அதில் செடி வளர்ப்பது அம்முறை. சக்கை மண்ணைவிடப் பன்மடங்கு இலேசு. நீரை வேண்டிய அளவு தாங்கும், மிகுந்ததை விட்டுவிடும். சாறு பிழியும் கடைகளில் அது தாராளமாய்க் கிடைக்கிறது. இரண்டு எச்சரிக்கைகள் மட்டும் தேவை. பச்சைச் சக்கை புளித்து ஈயையும் எறும்பையும் ஈர்க்கும். ஆதலின் கோடையிலேயே சேர்த்து நன்கு உலர்த்திக்கொள்ள வேண்டும், ஜூலையில் அது உலராது. மேலும், சக்கையில் கரியின் விகிதம் தழைச்சத்தைப்போல் நூறு மடங்கு மிகுந்தது. அதனை மட்கச் செய்யும் நுண்ணுயிர்கள் தமக்கு வேண்டிய தழைச்சத்தைச் செடியின் பங்கிலிருந்து எடுத்துக்கொள்ளும். சாணமோ சமையலறை உரமோ தாராளமாய்க் கலந்தால்தான் செடி மஞ்சளிக்காது.

சமையலறைக் கழிவை உரமாக்குவதில் மும்பைத் துறைமுகக் கழகத்தின் உணவகம் 2000-களின் தொடக்கத்தில் நல்வழி காட்டியது. உணவுப் பகுதி அதிகாரி பிரீத்தி பாட்டில் அங்குச் சேர்ந்த கழிவைக்கொண்டே மாடியில் காய்கனித் தோட்டம் ஆக்கினார். கொல்காப்பூரின் கணித ஆசிரியர் ஸ்ரீபாத் தபோல்கரின் ஆய்வுகள் அவருக்குத் துணைநின்றன. டிராம்பேயிலுள்ள பாபா அணு ஆராய்ச்சி நிலையத்தில் டாக்டர் சரத் காளே உருவாக்கிய "நிசர்கருண" எரிவாயுக் கலன், கழிவிலிருந்து எரிவாயுவையும் உரத்தையும் தருவது; ஆனால் அது மருத்துவமனை, விடுதி போன்ற நிலையங்களுக்கே ஏற்றது, தனி வீட்டுக்கன்று.

தனி வீட்டுக்கு இரண்டு மண்பானைகள் போதும். சயானை அடுத்த கும்பார்வாடாவில் சௌராஷ்டிரத்திலிருந்து வந்த குயவர் குடும்பங்கள் பானை வனைந்து வருகின்றன. காய்த் தோல், தேயிலைச் சக்கை, உலர்ந்த இலை ஆகியவற்றை அடுக்கடுக்காய் இட்டுக் கனமான மூடியால் மூடுக. சமைத்த சோறும் மீன் கழிவும் இடலாகாது. அவை எலியை வரவழைக்கும். எலியின் சிறுநீர் கலந்த மழைநீரால் பரவும் லெப்டோஸ்பைரோசிஸ் என்னும் சுரம் 2005 வெள்ளத்துக்குப் பின் பல உயிர்களைக் கொண்டது. உரத்தின் பெயரால் எலிக்கு விருந்து வைத்தல் ஆகாது.

கீரையில் சேரும் நஞ்சு

தாராவியின் பதின்மூன்றாம் காம்பவுண்டு என்னும் பகுதி, பழைய பிளாஸ்டிக்கையும் பீப்பாய்களையும் மறுசுழற்சி செய்வதில் பெயர் பெற்றது. பாதியாய் அறுத்த நீலப் பீப்பாய் மலிவான தொட்டி. ஆனால் முன்பு அதில் என்ன இருந்தது என்பதை விற்பவனும் அறியான். சாயமோ அமிலமோ இருந்த பீப்பாயைக் கழுவினாலும் நம்புதற்கில்லை. எண்ணெய், ஊறுகாய் முதலிய உணவுப் பொருள் வந்த டப்பாவையே தேடிக்கொள்ளுமாறு சொல்லுக.

நிலமண்ணிலும் இவ்வச்சம் உண்டு. தாராவியில் தோல் பதனிடும் கூடங்கள் குறைந்துவிட்ட பின்னும் அவை விட்டுச்சென்ற குரோமியம் போன்ற உலோகங்கள் மண்ணில் எஞ்சியிருக்கக்கூடும். ஈயம் கலந்த பெட்ரோல் 2000-இல் நிறுத்தப்பட்டது. சாலையோர மண்ணில் படிந்த ஈயம் மறையவில்லை. மும்பையின் ரயில் பாதையோரங்களில் சாக்கடை கலந்த நீரால் கீரை விளைவிக்கப்பட்டதை நகரத்தார் பல்லாண்டு கண்டனர். அதனைக் கண்டு வெறுத்தே பலர் வீட்டுக்கீரைக்கு வந்தனர். அப்படி வந்தவர்கள் அதே மண்ணை வாளியில் அள்ளி வைத்துக்கொண்டால் என்ன பயன்? உலோகங்கள் பொதுவாக இலையிலும் கிழங்கிலும் மிகுதியாகவும், காயில் குறைவாகவும் சேர்கின்றன. எனவே ஐயத்துக்குரிய நிலமண்ணில் சுரை, புடலை போன்ற கொடிக்காய்களும், புதிதாய் ஆக்கிய உரமண்ணில் கீரைகளும் என வகுத்துக்கொள்வது தக்கது. எதுவாயினும் மூன்று முறை நீரில் அலசியே சமைக்க வேண்டும்.

ஒரே வாயிற்படியில் இரண்டு அறிவுரைகள்

களப்பணியாளர் நேரிற் சந்திக்கும் இடர்ப்பாடு ஒன்றை இங்கே விரிவாய்ச் சொல்லவேண்டும். ஊட்டச்சத்துப் பணியாளர் ஒருவர் வந்து, "தொட்டியில் கீரை வையுங்கள் அக்கா" என்கிறார். மறுவாரம் கொசு ஒழிப்புப் பணியாளர் வந்து, தொட்டியின் அடித்தட்டில் தேங்கிய நீரைக் காட்டி அதனை அகற்றச் சொல்கிறார். 1888-ஆம் ஆண்டின் மாநகராட்சிச் சட்டத்தின்படி அறிவிக்கை கொடுக்கவும் மாநகராட்சிக்கு அதிகாரம் உண்டு. இல்லத்தரசி யார் சொல்லைக் கேட்பது?

கொசுப் பணியாளர் கூறுவதில் பிழையில்லை. பம்பாயின் மலேரியாவுக்கு வீட்டுக் கிணறுகளிலும் தொட்டிகளிலும் வளரும் அனோபிலிஸ் ஸ்டீபன்சி கொசுவே காரணம் என்பது 1911-இல் பென்ட்லி நடத்திய விசாரணையிலேயே தெளிவாயிற்று. டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசுவுக்கோ ஒரு கரண்டி நீர் போதும். முட்டை கொசுவாக ஏழு முதல் பத்து நாட்கள் ஆகும். நீரைக் கொட்டிவிட்டால் மட்டும் தீராது. ஏடிஸின் முட்டைகள் பாத்திரத்தின் பக்கச் சுவரில் ஒட்டிக்கொண்டு மாதக்கணக்கில் வறட்சியைத் தாங்கி, அடுத்த மழையில் உயிர்க்கும். ஆதலின் தேய்த்துக் கழுவுவதே முறை.

இரு துறையினரும் ஒரே சொல்லைச் சொல்ல வழியுண்டு. அடித்தட்டு அறவே வேண்டாம். தொட்டியை இரண்டு செங்கற்களின்மேல் ஏற்றி வைத்தால் நீர் வடிந்து மண் மூச்சு விடும், தேக்கமும் இராது. வடிகால் துளை அடைபட்டிருக்கிறதா என்று வாரம் ஒருமுறை குச்சியால் குத்திப் பார்க்க வேண்டும். சேமித்து வைக்கும் நீர்ப்பீப்பாயின் வாயைத் துணியால் கட்டுதல், சேம்பின் இலைக் கக்கத்தில் நிற்கும் நீரை உதறிவிடுதல், காலித் தொட்டிகளைக் கவிழ்த்தல் ஆகியனவும் அதே நாளில் நடக்கட்டும். பள்ளியில் அந்நாளைக் கிழமை குறித்து வைத்துவிட்டால் மாணவரே வீட்டில் நினைவூட்டுவர். நாற்றழுகலுக்குக் காரணமான தேக்கமும் கொசுவுக்குக் காரணமான தேக்கமும் ஒன்றே என்பதை விளக்கினால், தோட்டக்காரர் அபராதத்துக்கு அஞ்சியன்றித் தம் செடியின் பொருட்டே இதனைச் செய்வர்.

எப்போது எது?

ஜூன் முதல் செப்டம்பர் வரை விதையை மறந்து தண்டை நம்புக. கொடிப்பசலையின் தண்டை ஒரு சாண் அளவு நறுக்கி ஊன்றினால் மழையிலேயே தழைக்கும். மராத்தியர் இதனை "மாயாளு" என்று அழைத்து விரும்பி உண்கின்றனர். பொன்னாங்கண்ணியும் அத்தகையதே. சேம்பு இப்பருவத்துக்கென்றே பிறந்தது. அதன் இலையைப் புளி சேர்த்து நன்கு வேகவைத்தால் தொண்டை அரிக்காது. முருங்கை முறியும் மரமாதலின் மே தொடக்கத்திலேயே கிளை கழித்துவிட வேண்டும்.

மழை விலகிய பின் வருவதே மும்பையின் மெய்யான விதைப்புக் காலம். சமையலறை அஞ்சறைப் பெட்டியிலுள்ள வெந்தயமே விதை. நான்கைந்து நாளில் முளைத்து ஒரு மாதத்துக்குள் அறுவடைக்கு வரும். கடற்கரை மணலில் விரலளவே வளரவிட்டு வேரோடு பிடுங்கி விற்கும் "சமுத்திர மேத்தி" என்னும் வெந்தயக்கீரை மும்பைச் சந்தைக்கே உரிய சுவை. மல்லி விதையை இரண்டாய் உடைத்துத் தூவுக. தக்காளி, மிளகாய், கத்தரி நாற்றுகளைச் செப்டம்பரில் கூரையின் கீழ் வளர்த்து, மழைமானி அனுமதித்தபின் வெளியே நடலாம். அக்டோபர் வெயில் கடுமையாகலின், முதல் இரண்டு வாரம் பழைய பருத்திப் புடவையைப் பந்தலாய்க் கட்டுதல் நன்று.

மார்ச்சு முதல் தண்டுக்கீரை, சிறுகீரை, வெண்டை. ஒரு சதுர மீட்டர்க் கீரைக்கு அப்போது நாளொன்றுக்கு 4 முதல் 6 லிட்டர் நீர் வேண்டும். சில மணி நேரமே குழாய் வரும் பகுதியில் இது சிறு தொகை அன்று. அரிசி, பருப்புக் கழுவிய நீரை விடலாம்; சோப்புத் தூள் கலந்த நீர் உப்பை ஏற்றி மண்ணை இறுகச் செய்யும்.

இத்தனை உழைப்புக்கும் பலன் எவ்வளவு? மிகைப்படுத்திச் சொல்லுதல் பிரசாரத்துக்கு உதவினும் மக்களின் நம்பிக்கையைக் கெடுக்கும். ஒரு சதுர மீட்டரில் நன்கு பேணிய தண்டுக்கீரை ஓர் அறுப்புக்கு ஒன்று முதல் ஒன்றரைக் கிலோ தரும்; ஓர் அறுப்புக்கு ஏறத்தாழ ஒரு மாதம் ஆகும். ஐதராபாத்திலுள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024-இல் வெளியிட்ட வழிகாட்டி நூல் ஆள் ஒருவருக்கு நாளொன்றுக்கு 400 கிராம் காய்கறி கூறுகிறது. ஐவர் கொண்ட குடும்பத்துக்கு அது இரண்டு கிலோ. மாதம் முழுவதும் பாடுபட்ட ஒரு சதுர மீட்டர், குடும்பத்தின் ஒரு நாள் தேவைக்கும் போதாது. ஆனால் அதே விளைச்சல் ஒரே குழந்தைக்கெனில், நாள்தோறும் 35 முதல் 50 கிராம் கீரையாகும். இரும்புச்சத்தும் கரோட்டினும் குறைந்த குழந்தைக்கு அது அற்பமன்று. எனவே "சந்தைச் செலவு மிச்சம்" என்று வாக்களியாமல், "இந்தத் தொட்டி இந்தப் பிள்ளைக்கு" என்று சொல்லி வைக்கச் செய்வதே எமக்குச் சரியெனப்படுகிறது.

முதலிற் கூறிய மூதாட்டி அவ்வாண்டு செப்டம்பரில் தம் விதையை மூன்று பொட்டலமாகக் கட்டினார். முதற்பொட்டலம் மழையில் போயிற்று. இரண்டாவது முளைத்தது. மூன்றாவதை அவர் பிரிக்கவில்லை; ஊரிலிருந்து வந்த விதை, அடுத்த ஆண்டுக்கு இருக்கட்டும் என்று அரிசிப் பானைக்குள் வைத்துக்கொண்டார்.

மாணவர்க்குப் பயிற்சி

1. உங்கள் வீட்டுத் தொட்டியின் வாய் அகலத்தை அளந்து, 2005 ஜூலை 26-இன் மழை சாந்தா குரூஸில் பெய்த அளவே அதில் பெய்திருந்தால் எத்தனை லிட்டர் விழுந்திருக்கும் என்று கணக்கிடுக. கொலாபாவின் அளவுக்கும் அவ்வாறே காண்க.

2. செப்டம்பர் 1 முதல் அக்டோபர் 31 வரை தினமழையைப் பதிந்து, மூன்று பொட்டலங்களை விதைத்த நாளையும், ஒவ்வொன்றிலும் பத்தாம் நாள் நின்ற நாற்றுகளின் எண்ணிக்கையையும் அதே ஏட்டில் எழுதி வருக.